திருகுக்குக் கீழே ஒரு ரப்பர் வளையம்

அக்கா மகன் கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கிறான். போன ஐப்பசியில் ஒரு படம் அனுப்பினான். கார் நிறுத்தும் கொட்டகை, அதன் மேல் சாம்பல் நிறத் தகரக் கூரை. கூடவே ஒரு கேள்வி: “மாமா, போன தடவை பனி மொத்தமா வழுக்கி விழுந்து தண்ணித் தூம்பையே பிடுங்கிட்டுப் போயிருச்சு. கூரையில பனித்தடுப்பு மாட்டணும். கடையில பத்து விதம் வச்சிருக்கான். நீங்க ஒரு வருஷமா ஷீட்டோடயே இருக்கீங்கள்ல, எது வாங்குறது?”

நாட்டரசன்கோட்டையில் பனி என்றால் மார்கழி விடியலில் வைக்கோல் போரை நனைப்பதுதான். கூரையில் ஒரு அடி உயரத்துக்கு ஏறி நிற்கும் பனியை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அது என் மாடிக் கூரையாகவே தெரிந்தது. அதே மேடு பள்ளத் தகடு. வரிசை வரிசையாக அதே அறுகோணத் தலைத் திருகுகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு வளையம். அவனுக்கு வழுக்கும் பனியைப் பிடித்து நிறுத்த வேண்டும். எனக்கு வீட்டுக்குச் சோலார் தகடு வைக்க வேண்டும், அது காற்றில் பறக்கக் கூடாது. ஏற்கெனவே நானூறு ஓட்டை போட்ட கூரையில் இன்னும் சில ஓட்டை போட்டு எதையோ மாட்டப்போகிறோம், அது ஒழுகவும் கூடாது, பிய்த்துக்கொண்டு போகவும் கூடாது. இரண்டு பேருக்கும் கேள்வி இதுதான்.

அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது, இந்த ஒரு வருடத்தில் நான் வாங்கிப் பார்த்த திருகு, வளையம், மெஷின், பிடிமானம் எல்லாவற்றையும் பற்றி முழுதாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது. இந்தப் பக்கத்தில் இப்போது ஷீட் போடாத மாடி குறைவு. ஷீட்டின் நிறம், கம்பெனி, விலை பற்றி எல்லோரும் விசாரிக்கிறார்கள். திருகைப் பற்றிக் கேட்டவரை நான் பார்க்கவில்லை.

எங்கள் வீடு பழையது. முன்கட்டில் நாட்டு ஓடு, நடுவில் முற்றம், பின்கட்டுக்கு மேல் சுண்ணாம்புத் தளம். தளம் வெடிக்கத் தொடங்கியதால் அதன் மேல் இருபதுக்கு முப்பது அடியில் இரும்புக் குழாய் நிறுத்தி, வண்ணத் தகடு போட்டோம். போட்டு முடித்த முதல் ஐப்பசி மழையிலேயே கீழ் அறையின் தேக்குப் பலகை மச்சில் பழுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. பர்மாவிலிருந்து கப்பலேறி வந்து, தலைமுறைகளாக ஒரு பொட்டு நீர் படாமல் இருந்த பலகை. அந்த வட்டத்தைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு திருகாகத் தொட்டுப் பார்த்தேன். நானூற்றுச் சொச்சத்தில் அறுபது திருகு சரியில்லை. சில சாய்ந்து ஏறியிருந்தன, வளையத்தின் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் வாய் பிளந்திருந்தது. சில அளவுக்கு மேல் இறுகி, தகடே குழிந்து, குழியில் நீர் தேங்கியிருந்தது. சில கையால் சுற்றினாலே சுற்றின. இன்னும் சில ஒழுங்காகத்தான் ஏறியிருந்தன. ஆனால் ஒரே கோடையில் ரப்பர் வெடித்து, பழைய சைக்கிள் டியூப் மாதிரி நூல் நூலாகக் கோடு விட்டிருந்தது.

தகட்டை மடித்து வலுவாக்கும் யோசனை பழையது. லண்டன் துறைமுகத்தில் வேலை பார்த்த பொறியாளர் ஹென்றி ராபின்சன் பாமர் 1829-ல் நெளி தகட்டுக்கு உரிமம் வாங்கினார். இரும்புக்குத் துத்தநாகம் பூசும் முறைக்குப் பிரான்சில் சோரெல் 1837-ல் உரிமம் பெற்றார். இன்று நம் மாடிகளில் ஏறும் வண்ணத் தகடுகள் பலவற்றுக்கு அடியில் இருப்பது 55 சதவீதம் அலுமினியம், 43.4 சதவீதம் துத்தநாகம், 1.6 சதவீதம் சிலிக்கான் கலந்த பூச்சு. அமெரிக்காவின் பெத்லகேம் ஸ்டீல் 1972-ல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இத்தனையும் சேர்ந்து தகட்டுக்கு நீண்ட ஆயுளைக் கொடுத்துவிட்டன. ஆனால் ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்பது ஒரு ரப்பர் வளையம். அதன் ஆயுள்தான் கூரையின் ஆயுள்.

ஆகவே முதலில் வளையம். காரைக்குடியிலும் சிவகங்கையிலுமாக மூன்று கடைகளில் ஐந்து விதத் திருகு வாங்கினேன். எல்லாக் கடையிலும் ஒரே வார்த்தை: “ரப்பர் வாஷரோடதான் வருது.” அந்த ரப்பர் என்ன ரப்பர் என்பதுதான் விஷயம். கூரைக்கு வேண்டியது ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். வெயிலையும் ஓசோனையும் தாங்கும், ஆண்டுக்கணக்கில் வளைவு மாறாது. சாதாரண ரப்பரும் பிவிசியும் கடையில் பார்க்கும்போது அதே கறுப்பு, அதே பளபளப்பு.

வித்தியாசம் கண்டுபிடிக்க நான் செய்தது எளிய வேலைதான். வளையத்தை இரண்டாக மடித்து, மடிப்பில் நகத்தால் அழுத்தினேன். நல்லது தழும்பில்லாமல் திரும்பியது, மட்டமானதில் வெள்ளைக் கோடு நின்றது. பிறகு ரப்பரை அதன் மேலுள்ள உலோகத் தட்டிலிருந்து உரிக்கப் பார்த்தேன். இரண்டு வகையில் ரப்பர் கிழிந்ததே தவிரப் பிரியவில்லை, தட்டோடு சேர்த்தே வேகவைத்திருக்கிறார்கள். மூன்று வகையில் தோசை மாதிரி முழுதாக எடுக்க வந்தது. அவை தனி ரப்பரும் தனித் தட்டும்தான், திருகு சுழலும்போது ரப்பர் தனியாகச் சுருண்டு வெளியே பிதுங்கும். கடைசியாக ஐந்திலும் பத்துப் பத்தைத் துண்டுத் தகட்டில் முடுக்கி, பங்குனி முதல் ஆவணி வரை மாடி வெயிலில் போட்டுவைத்தேன். ஆவணியில் கழற்றிப் பார்த்தபோது இரண்டு வகை மட்டும் வாங்கியபடியே இருந்தன. மற்ற மூன்றில் ஒன்று மாவாக உதிர்ந்தது.

நல்ல திருகுக்கும் மட்டமானதற்கும் விலையில் இரண்டு மூன்று ரூபாய்தான் வித்தியாசம். என் கூரை முழுமைக்கும் கணக்குப் போட்டால் ஆயிரத்துச் சொச்சம். ஷீட்டுக்கும் இரும்புக்கும் ஆன செலவில் இது கண்ணுக்கே தெரியாத தொகை. இதை மிச்சம் பிடிப்பது வீட்டுக்காரரும் இல்லை, பெரும்பாலும் கொத்தாக ஒப்பந்தம் எடுப்பவர்தான். வீட்டுக்காரர் திருகைத் தனியாகத் தன் கையால் வாங்கிக் கொடுத்துவிடுவது நல்லது. தடிமன் 5.5 மில்லிமீட்டர். முனை, கீழே இருக்கும் இரும்பைப் பொறுத்தது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் குழாய்க்குச் சிறிய துளைமுனை போதும். பத்து மில்லிமீட்டர் கோணச் சட்டம் என்றால் நீள முனை வேண்டும், இல்லாவிட்டால் மரை ஏறுவதற்கு முன்பே முனை தேய்ந்து திருகு அங்கேயே நின்று சுற்றும்.

அடுத்தது மெஷின். இங்கே வேலைக்கு வருகிற தம்பிகள் கையில் இருப்பது அடித்து அடித்துச் சுழற்றும் இம்பாக்ட் டிரைவர். இரும்புக்கு இரும்பு போல்ட் முடுக்க அது நல்ல கருவி. கூரைத் திருகுக்கு ஆகாது. எப்போது நிறுத்துவது என்பது அதற்குத் தெரியாது, அரை நொடி தாமதித்தாலும் வளையம் நசுங்கிவிடுகிறது. நான் வாடகைக்கு எடுத்துப் பார்த்த இன்னொன்று, ஆழத்தைக் கணக்காக வைத்து, திருகு உட்கார்ந்ததும் தானாகக் கழன்றுகொள்ளும் ஸ்க்ரூ கன். இரண்டாலும் ஐம்பது ஐம்பது திருகு முடுக்கினேன். முதலாவதில் பதினெட்டு அதிகமாக இறுகிவிட்டது. இரண்டாவதில் இரண்டு. வேகத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வாடகைக்குக் கிடைக்கவில்லை என்றால் சாதாரண டிரில் மெஷினின் கிளட்சைக் குறைத்து வைத்து, கடைசிச் சுற்றை மெதுவாக விட்டாலே போதும்.

சரியான இறுக்கத்துக்கு ஒரே அடையாளம்: ரப்பர், தட்டின் விளிம்போடு விளிம்பாக மெல்லிய கோடாகத் தெரிய வேண்டும். உள்ளே ஒளிந்திருந்தால் இறுகவில்லை. பாவாடை விரித்த மாதிரி வெளியே பிதுங்கினால் இறுக்கம் கூடிவிட்டது. இதை வேலை தொடங்கும் அன்று காலையில் ஒரே ஒரு திருகில் காட்டிவிட்டால் தம்பிகள் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு இரண்டாம் முறை வந்து அறுபது திருகையும் மாற்றிக் கொடுத்தவர் அப்படித்தான் செய்தார். சாயங்காலம் கூரையிலிருந்த இரும்புத் துருவலைத் துடைப்பத்தால் கூட்டி எடுத்துவிட்டுத்தான் இறங்கினார். அந்தத் துருவல் ஒரு மழையில் துருப்பிடித்து வண்ணப் பூச்சைக் கறையாக்கும். முதலில் வந்தவர்கள் விட்டுப்போன துருவலின் செம்புள்ளிகள் இன்னும் என் கூரையில் இருக்கின்றன.

அவரிடம் நெடுநாள் சந்தேகம் ஒன்றைக் கேட்டேன். திருகை மேட்டில் அடிப்பதா, பள்ளத்திலா? “மேட்டுல அடிச்சா ஒழுகாதுண்ணே, பள்ளத்துல அடிச்சாப் பறக்காதுண்ணே” என்றார். உலகமும் இதில் இரண்டாகத்தான் பிரிந்திருக்கிறது. அமெரிக்காவில் தட்டையான பள்ளத்தில் அடிக்கச் சொல்கிறார்கள், தகடு சட்டத்தின் மேல் நேராக உட்கார்ந்து இறுகும் என்பதற்காக. ஆஸ்திரேலியாவில் கூரைக்கு மேடு, சுவருக்குப் பள்ளம் என்பது வழக்கம், ஓடும் நீரில் ஓட்டை இருக்கக் கூடாது என்பதற்காக. நல்ல வளையம் இருந்தால் பள்ளமே மேல் என்பது என் முடிவு. மேட்டில் நிற்கும் நீளத் திருகு பற்றுக்கோல் இல்லாமல் ஆடுகிறது. எங்கள் ஊர் மயில்கள் காலையில் கூரையின் மேல் நடந்துபோகும்போது கீழே படுத்திருக்கும் எனக்கு அந்த ஆட்டம் காதில் கேட்கும்.

வெயில் ஒரு பக்கம் சும்மா இருப்பதில்லை. எஃகு ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு 0.012 மில்லிமீட்டர் நீளும். இருபது அடித் தகடு விடியலில் 25 டிகிரி, சித்திரை நடுப்பகலில் 65 டிகிரி என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீண்டு, இரவில் மறுபடி சுருங்குகிறது. ஒவ்வொரு நாளும். திருகு அசையாமல் நிற்க, தகடு அதைச் சுற்றி இழுபடுகிறது. ஆண்டுகள் போகப் போக வட்டத் துளை முட்டை வடிவமாகிறது. நல்ல ரப்பர் இந்த இழுப்பில் கூடவே வளைந்து கொடுக்கும். இழுப்பு அதிகமாக விழுவது தகட்டின் இரு முனைகளில், அங்கேதான் முதலில் ஒழுகும். அலுமினியத் தகடு என்றால் இந்த நீட்சி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, ஆகவே வளையத்தின் வேலையும் இரண்டு மடங்கு.

இந்த வட்டாரத்து வீடுகளுக்கென்று ஒரு எச்சரிக்கை. பலர் தகட்டின் ஓரத்தைப் பழைய சுவரில் செருகி, சுண்ணாம்பு அல்லது சிமெண்டுக் கலவையால் பூசி அடைக்கிறார்கள். ஈரச் சுண்ணாம்பின் காரம் அலுமினியம் கலந்த பூச்சை அரித்துவிடும். அந்த ஓரம்தான் முதலில் பொத்தலாகும். சுவருக்கும் தகட்டுக்கும் இடையே தனியாக ஒரு மடிப்புத் தகடு கொடுத்து, அதைச் சுவரில் நிறுத்த வேண்டும். அடைப்பதற்குச் சிலிக்கான் வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடிப்பது வேண்டாம், அதிலிருந்து கிளம்பும் அமிலம் துத்தநாகத்துக்குப் பகை. வாடை அடிக்காத நடுநிலை வகை என்று கேட்டால் கொடுப்பார்கள்.

இனி பிடிமானம். மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்ததிலிருந்து, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்பதால், இங்கே தெருவுக்கு ஒரு வீடாவது சோலார் பற்றிப் பேசுகிறது. ஷீட் கூரைக்கு என்று கொடுக்கப்படுவது பெரும்பாலும் மினி ரெயில் என்ற சிறு அலுமினியத் துண்டு. தகட்டின் மேட்டில் உட்காரவைத்து, நான்கு சிறு திருகுகளால் தகட்டோடு மட்டும் முடுக்குவது. கீழே இருக்கும் குழாயை அது தொடுவதே இல்லை. விலை மலிவு, வேலை சுருக்கு, ஒரே நாளில் முடிந்துவிடும். இன்னொன்று, எல் வடிவக் கால். பள்ளத்தில் உட்காரும், தகட்டையும் தாண்டிக் கீழே உள்ள குழாயையே கடிக்கும். கனத்த 6.3 மில்லிமீட்டர் திருகு இரண்டு, அடியில் இரண்டு மில்லிமீட்டர் ஈபிடிஎம் விரிப்பு.

இரண்டையும் மீதமிருந்த 0.45 மில்லிமீட்டர் தகட்டில் பொருத்தி, குழாய்ச் சட்டத்தைக் கவிழ்த்து வைத்து, 25 கிலோ அரிசி மூட்டைகளைக் கயிற்றில் தொங்கவிட்டேன். இரண்டு மூட்டைக்கு இரண்டுமே அசையவில்லை. மினி ரெயிலை நினைத்ததைவிட நன்றாகவே செய்திருக்கிறார்கள் என்றுதான் அப்போது எழுதி வைத்தேன். பிறகு ஒரே மூட்டையை மட்டும் மாட்டி, கயிற்றைப் பிடித்து இழுத்து இழுத்து விட்டேன். அரை மணி நேரம், நானும் பக்கத்து வீட்டுப் பையனும் மாறி மாறி. மினி ரெயிலின் திருகுகளைச் சுற்றித் தகடு முதலில் குழிந்தது, பிறகு துளை விரிந்தது, ஒரு திருகு கையோடு வந்துவிட்டது. எல் காலில் தகடு லேசாகத் துடித்ததோடு சரி.

காற்று செய்வது இந்த இரண்டாவது வேலையைத்தான். 1974-ல் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தை ட்ரேசி புயல் அடித்தபோது தகரக் கூரைகள் கூட்டம் கூட்டமாகப் பறந்தன. ஆராய்ந்து பார்த்தவர்கள், தகட்டின் பலக்குறைவு காரணமில்லை என்று கண்டார்கள். மணிக்கணக்காக ஏறி இறங்கிய காற்றின் இழுப்பில், திருகுத் தலையைச் சுற்றித் தகடு களைத்து வெடித்திருந்தது. கம்பியை மடித்து மடித்து ஒடிக்கிற மாதிரி. அதன் பிறகுதான் அங்கே கூரைத் தகடுகளை ஆயிரக்கணக்கான முறை இழுத்து விட்டுச் சோதிக்கும் விதி வந்தது, திருகுக்குக் கீழே அகலமான புயல் வளையங்கள் வந்தன.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா, உள்ளே வந்து புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. அடுத்த மாவட்டம் நாங்கள். காற்றின் வேகத்துக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875, மதுரைக்கு நொடிக்கு 39 மீட்டர், திருச்சிக்கு 47, சென்னைக்கு 50 என்று வைத்திருக்கிறது. 39 என்று எடுத்துக்கொண்டாலே ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 93 கிலோ அழுத்தம் வருகிறது. ஒரு 540 வாட் சோலார் தகடு இரண்டரைச் சதுர மீட்டருக்குச் சற்று அதிகம், எடை 28 கிலோ. அதைத் தூக்கப் பார்க்கும் காற்றின் கணக்கு 240 கிலோவுக்குப் பக்கம். கூரையின் நடுவில் இது குறையும். ஓரத்திலும் மூலையிலும் கூடும். சோலார் விற்க வருபவர்கள், “தகடு வெயிட்டே இல்லைண்ணே, ஷீட் தாங்கும்” என்கிறார்கள். ஷீட் தாங்கும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. கவலை, மேலே தூக்கும்போது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்பதில்தான்.

ஆகவே என் கூரைக்கு எல் கால். ஒரு குறை சொல்ல வேண்டும்: அது பள்ளத்தில் உட்காருவதால் வேப்பிலையும் சருகும் அதன் முதுகில் தங்கும், நீர் தேங்கும். பள்ளத்தின் அகலத்தில் பாதிக்கும் குறைவான கால் வாங்கினால் இருபக்கமும் நீர் வழிந்தோடும். வருடத்துக்கு இரண்டு தடவை, ஆடிக் காற்று அடங்கிய பிறகும் ஐப்பசிக்கு முன்பும் ஏறிக் கூட்டிவிட வேண்டும். மினி ரெயிலை முற்றாக ஒதுக்கவும் மாட்டேன். அரை மில்லிமீட்டருக்குக் குறையாத கெட்டித் தகடு, காற்றுக்கு மறைவான இடம் என்றால் வைக்கலாம். ஆனால் அந்த அரை மில்லிமீட்டர், பெயிண்டும் பூச்சும் சேர்த்த கணக்கா, இரும்பு மட்டுமா என்று கேட்டு, ஸ்க்ரூ கேஜால் அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள். என் 0.45, பெயிண்டைச் சுரண்டி அளந்தபோது 0.40-க்குக் கீழே இருந்தது.

அக்கா மகனுக்கு எழுதியதும் இதே கணக்குதான், சுமை மட்டும் வேறு. புதுப்பனி நீரில் பத்தில் ஒரு பங்கு எடைதான். படிந்து இறுகினால் ஐந்தில் ஒரு பங்கையும் தாண்டும். நூறு சதுர அடியில் ஒரு அடி இறுகிய பனி, அரை டன்னுக்கு மேல். அவ்வளவும் மொத்தமாகக் கீழ்நோக்கி நகரப் பார்க்கிறது. கடையில் கண்ணாடி மாதிரி அழகாக இருக்கும் பிளாஸ்டிக் தடுப்புகளைப் பசை போட்டு ஒட்டுவது சுலபம், கூரையில் ஓட்டை விழாது. ஆனால் பசை பிடிப்பதற்கு வெதுவெதுப்பான நாட்களும் சில வாரங்களும் வேண்டும். ஐப்பசியில் கேட்கிற அவனுக்கு அங்கே அந்த நாட்கள் முடிந்துவிட்டன. மடிப்புத் தையல் கூரையாக இருந்தால் ஓட்டையே போடாமல் மடிப்பைக் கவ்விப் பிடிக்கும் வகை வாங்கலாம். அவனுடையது திருகுக் கூரை, அதில் கவ்வ ஒன்றுமில்லை.

“உலோகத் தடுப்பாக வாங்கு” என்று எழுதினேன். “கீழே சட்டம் ஓடுகிற வரியில், இப்போது திருகு இருக்கிற அதே கோட்டில் வை. தகட்டில் மட்டும் முடுக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. உங்கள் ஊரில் கீழே இருப்பது மரச்சட்டமாக இருக்கும், அதற்கு மரத் திருகு, நம் ஊர் இரும்புத் திருகு ஆகாது. முதல் வரிசை சுவருக்கு நேர் மேலே இருக்கட்டும், வெளியே நீட்டிய தாழ்வாரத்தில் வேண்டாம். வாசலுக்கு மேல் மட்டும் நான்கு வைத்தால் கூரை முழுவதன் சுமையும் அந்த நான்கின் மேல் வந்து விழும். எத்தனை வரிசை என்பதைக் கூரையின் சரிவும் நீளமும் உங்கள் ஊர்ப் பனிச் சுமையும் சொல்லும், விற்பவரிடம் அந்தக் கணக்கை எழுத்தில் கேள். அடியில் ஈபிடிஎம் விரிப்பு இருக்கிறதா என்று மடித்துப் பார்.”

போன வாரம் படம் அனுப்பியிருந்தான். கூரையில் பனி முழங்கால் உயரம். ஓரத்தில் இரண்டு வரிசைத் தடுப்பு, அதன் மேல் நுனி மட்டும் தெரிகிறது. தூம்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. கீழே ஒரு வரி: “மாமா, உள்ளே ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு திருகுக்கு அடியிலயும் கை வச்சுப் பாத்தேன். மரம் காஞ்சுதான் இருக்கு.”

என் சோலார் ஆட்கள் தை பிறந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எல் கால் பதினாறு, திருகு முப்பத்திரண்டு, விரிப்பு எல்லாம் வாங்கி பின்கட்டு அறையில், அந்தப் பழுப்பு வட்டத்துக்கு நேர் கீழே ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன்.